சாட்சிக் கையெழுத்து

புரவி எடுப்புக்குக் காப்புக் கட்டுவதற்கு முன்னால் எங்கள் ஊரில் அய்யனார் கோயில் வாசலில் கூட்டம் போடுவார்கள். தலைக்கட்டு வரி எவ்வளவு, மண் குதிரை செய்கிற வேளாருக்கு முன்பணம் எப்போது, நாடகமா பாட்டுக் கச்சேரியா என்று பேசி முடிக்க வெகுநேரம் ஆகிவிடும். போன கூட்டத்தில் ஜமுக்காளத்தைச் சுருட்டும் நேரத்தில் பெரிய வீட்டு ஐயா ஒருவர் வருத்தத்தோடு ஒரு வார்த்தை சொன்னார்.

"எங்க அப்பா இருக்கையில காலையில கதவத் தொறந்தா வாசல்ல நாலு பேரு நிப்பாக. இப்ப ஒருத்தர் வர்றதில்ல. ரேஷன்ல அரிசி, நூறு நாள் வேலை, மாசம் பொறந்தா பென்சன். ஊர்ல தருமம் செத்துப்போச்சப்பா."

யாரும் பதில் சொல்லவில்லை. அவர் கெட்ட மனிதர் இல்லை. சித்திரையில் மோர்ப்பந்தல் போடுவார், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கிக் கொடுப்பார். வயிற்றெரிச்சலில் பேசியதாக எனக்குப் படவில்லை. உண்மையிலேயே ஏதோ தொலைந்துவிட்டதாக நினைக்கிறார். கேட்டு வருகிறவர் இல்லாமல் போனால் அறம் என்ன ஆகும்? ஒரு கை மேலே இருக்க இன்னொரு கை கீழே இருந்துதான் ஆக வேண்டுமா? புண்ணியக் கணக்கை எழுதுவது சாமி என்று ஊரில் நம்புகிறோம். வாசலில் ஆளே வராத வீட்டின் ஏட்டில் சாமி எதை எழுதும்?

கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் நடுவில் நின்றே வயிறு வளர்த்தவன் என்பதால் இதைப் பற்றிப் பேச எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு. திருமயம் தாலுகாவில் சின்னக் கிராமம் ஒன்றின் கிளை அஞ்சலகத்தில் வேலை பார்த்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் சேர்ந்தபோது எங்களை 'இ.டி.', அதாவது எக்ஸ்ட்ரா டிபார்ட்மென்டல், என்பார்கள். 2001-இல் கிராமின் டாக் சேவக் என்று பெயர் மாறியது. பிழைப்புக்கு வேறு வழி இருக்க வேண்டும், ஆபீசுக்கு இடமும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் எங்கள் வீட்டுத் திண்ணைதான் தபால் ஆபீஸ். ஒரு மேசை, ஒரு தராசு, தேதி முத்திரை, மைப்பெட்டி, பூட்டுப் போட்ட மரப்பெட்டி. டவுன் பஸ்ஸில் பை வந்து இறங்கும். ஒற்றை ஆள் ஆபீஸ் என்பதால் கணக்கு எழுதுவதும் நான்தான், தெருத் தெருவாகப் போய்ப் பட்டுவாடா செய்வதும் நான்தான்.

மாதத்தின் முதல் வாரம் பென்சன் வாரம். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962 ஏப்ரலில் தொடங்கியது. அப்போது மாதம் 20 ரூபாய். 2011-இல் 1,000 ஆனது, 2023-இல் 1,200. அந்த இருபதுக்கும் ஆயிரத்துக்கும் நடுவில் ஏறிய தொகைகள் பலவற்றை நான் என் கையால் எண்ணிக் கொடுத்திருக்கிறேன். எல்லாம் மணியார்டரில் வரும். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போன பிள்ளைகள் அனுப்பும் பணமும் என் கை வழியாகத்தான் போகும். இரண்டு பணத்தையும் வாங்கும்போது ஒரே முகம் இரண்டு விதமாக இருக்கும். மகன் பணம் வந்தால் அப்பத்தா முகத்தில் கணக்கு ஓடும். போன மாதத்தைவிடக் குறைவா, மருமகள் ஏதாவது சொல்லியிருப்பாளா, பதில் கடிதத்தில் மூட்டு வலியைச் சொல்வதா மறைப்பதா. பென்சன் பணத்துக்கு அந்தக் கவலை கிடையாது. யாருக்கும் பதில் எழுத வேண்டாம், யாரிடமும் நல்ல பெயர் வாங்க வேண்டாம். இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டுச் சுருக்குப் பையில் போட்டுக்கொள்வார்கள்.

போடுவதற்கு முன்னால் ஒரு தாளை உருவி என்னிடம் நீட்டுவார்கள். அதை லஞ்சம் என்று சொல்லலாம். சில ஊர்களில் அது லஞ்சமாகவேதான் இருந்தது. பணத்தைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் கொடுத்த ஆட்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். ஆனால் நான் வேண்டாம் என்று சொன்னதற்கு ஒரு கிழவி போட்ட சண்டையை இன்னமும் என்னால் லஞ்சக் கணக்கில் சேர்க்க முடியவில்லை. "ஏன், ஏங் காசு காசு இல்லியா? பெரிய வீட்டுல குடுத்தா வாங்கிக்கிருவ, நாங் குடுத்தா கசக்குதாக்கும்?" அதன் பிறகு பணத்தை மட்டும் ஒதுக்கிவிட்டு, வெற்றிலை நீட்டினால் வெற்றிலை, வறுத்த கடலை ஒரு பிடி நீட்டினால் கடலை என்று வாங்கிக்கொள்ள ஆரம்பித்தேன். அன்று சாயங்காலம் அவளையே கடைத்தெருவில் பார்க்கலாம். பேரனுக்குக் காராச்சேவு, பிள்ளையாருக்கு ஒரு கட்டிக் கற்பூரம், உண்டியலில் ஒரு நாணயம். மாதத்தில் ஒரு நாள் அவள் கொடுக்கிறவள். பெரிய வீட்டு வாசலில் கஞ்சி வாங்கி நின்ற காலத்தில் அது முடியாது. வாங்கிய கஞ்சியில் பாதியை அடுத்தவளுக்கு ஊற்றினால்கூட, 'அப்ப உனக்கு அவ்வளவு பசியில்லையா' என்று கேள்வி வரும்.

பெரிய வீட்டு ஐயாவின் துக்கத்தை அவருக்கு முன்னாலேயே ஒருவர் பட்டிருக்கிறார். மணிமேகலையில் வருகிற ஆபுத்திரன். பன்னிரண்டு வருஷம் மழையில்லாத பாண்டிய நாட்டில், மதுரையில், பிச்சை எடுத்ததைப் பகிர்ந்து மற்றவர்களுக்கு ஊட்டிக்கொண்டிருந்தவன். அவனுடைய மனதைப் பார்த்துச் சிந்தாதேவி எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபியைக் கொடுத்தாள். உலகத்துப் பசியெல்லாம் அவனைத் தேடி வந்தது. இந்திரன் கிழவன் வேஷத்தில் வந்து, செய்த தானத்துக்குக் கூலி வாங்கிக்கொள் என்றான். ஆபுத்திரன் சிரித்தான். உங்கள் சொர்க்கத்தில் அனுபவிக்கிறவர்கள் உண்டு, அறம் செய்கிறவர் உண்டா என்பது போலக் கேட்டுவிட்டான். இந்திரன் அதற்குச் செய்த பழிவாங்கலைப் பாருங்கள். சாபம் கொடுக்கவில்லை, பாத்திரத்தைப் பிடுங்கவில்லை. மழையைப் பெய்யவிட்டான். நாடு செழித்தது. சாப்பிட ஆள் வரவில்லை.

பசித்தவர் கூடியிருந்த இடத்தில் சூதாடிகளும் வெட்டிப்பேச்சுக்காரர்களும் வந்து உட்கார்ந்ததாக அந்தக் காவியத்தைப் பாடிய சாத்தனார் சொல்கிறார். ரேஷன் அரிசி வந்ததால்தான் ஊர் சோம்பேறி ஆயிற்று என்று டீக்கடையில் இன்று பேசுகிறவர்களின் புலம்பலுக்கு அத்தனை வயது. ஆபுத்திரன் வாங்க ஆள் தேடி ஊர் ஊராக அலைந்தான். சாவகத்தில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறினான். நடுவில் மணிபல்லவத்தில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. ஆளில்லாத தீவில் அமுதசுரபியை வைத்துக்கொண்டு தான் மட்டும் சாப்பிட மனமில்லாமல் அதைப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிரை விட்டான்.

சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது ஆபுத்திரனுக்காக அழுதவன்தான் நான். தபால் வேலைக்குப் பிறகு வேறு மாதிரி தெரிகிறது. மழை பெய்ததில் என்ன துக்கம்? பாண்டிய நாட்டில் ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பு எரிகிறது, தாய் தன் பிள்ளைக்குத் தானே சோறு போடுகிறாள். நேற்றுவரை வாங்கியவர்கள் எல்லோரும் இன்று கொடுக்கிறவர்கள். துக்கப்பட்டவன் ஒருவன்தான், கொடுத்துப் பழகியவன். அவனுக்குப் பலன் ஆசை இல்லை, அதைச் சொர்க்கத்தின் அரசனிடமே காட்டிவிட்டான். ஆனால் வாங்க ஆள் வேண்டும் என்ற ஆசை மிச்சம் இருந்தது. எல்லா ஆசையையும் விட்ட பிறகு கடைசியாக விட வேண்டிய ஆசை அதுதான் போலிருக்கிறது. சாத்தனார் அங்கேயும் நிறுத்தவில்லை. அதே ஆபுத்திரன் மறுபிறவியில் சாவகத்தில் புண்ணியராசன் என்ற அரசனாகப் பிறக்கிறான், அவன் பிறந்ததும் அந்த நாட்டில் மழை பொய்க்காமல் பெய்கிறது. போன பிறவியில் பாத்திரம் ஏந்திய கை இந்தப் பிறவியில் செங்கோல் ஏந்துகிறது. தனி ஒருவன் செய்த தானம் அரசாங்கத்தின் வேலையாக மாறியதை இதைவிட நன்றாக யார் கதை செய்ய முடியும்?

வள்ளுவரும் ஈகையைப் பாடியதோடு நிற்கவில்லை. பிச்சை எடுக்கும் அச்சத்துக்குத் தனி அதிகாரம் வைத்து, ஒருவன் இரந்துதான் உயிர் வாழ வேண்டும் என்றால் இந்த உலகத்தைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்ற அளவுக்குக் கோபப்பட்டார். பந்தலில் அன்னதானம் போடும்போது ஈகையைப் பற்றி மைக்கில் பேசுகிறவர்கள் யாரும் அந்த இன்னொரு அதிகாரத்தைத் தொடுவதில்லை.

சட்டம் எல்லாவற்றையும் செய்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. பசி மனு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காது. வடலூரில் 1867 மே மாதம் வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. ரேஷன் வந்துவிட்டது, சத்துணவு வந்துவிட்டது, இனி எதற்கு என்று அதை யாரும் அணைக்கவில்லை. அங்கே போய்ச் சாப்பிட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நீ யார், எந்த ஊர், என்ன சாதி என்று கேட்காமல் இலை போடுவார்கள். கேள்வி இல்லாமல் கிடைப்பதால் அந்தச் சோறு வாங்குகிறவரைக் கூனச் செய்வதில்லை. பெரிய வீட்டுக் கஞ்சியில் கேள்வி இருந்தது. அடுத்த நாள் களை எடுக்க வருவாயா, ஓட்டு யாருக்கு, உன் மகன் ஏன் செருப்புப் போட்டுக்கொண்டு எங்கள் தெருவில் போகிறான். இதையெல்லாம் வாயால் கேட்க வேண்டியதில்லை. கஞ்சியே கேட்கும்.

எங்கள் பக்கத்து ஊர்களின் பழைய ஏற்பாடும் அப்படித்தான். முடி வெட்டுகிறவர், துணி வெளுக்கிறவர், வெட்டியான், மடைக்குத் தண்ணீர் திறக்கிற நீர்ப்பாய்ச்சி, தச்சர், கொல்லர், குயவர், எல்லோருக்கும் அறுவடைக் களத்தில் பங்கு உண்டு. ஒவ்வொருவரையும் அவர் பெயர், அவர் அப்பன் பெயரோடு ஊருக்குத் தெரியும். இன்றைக்கு ஊராட்சி அலுவலகத்திலும் மின்சார ஆபீசிலும் நம்மை எண்ணாகத்தான் தெரியும் என்று வருத்தப்படுகிறவர்கள் அந்தக் காலத்தை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். முகம் தெரிந்தது உண்மைதான். முகம் தெரிந்ததால்தான் களத்தில் கடைசி ஆளாக, வெயிலில், பொலி தூற்றி முடியும்வரை நிற்கவைக்கவும் முடிந்தது. நெல்லை மடியில் ஏந்த வேண்டும், மரக்காலைத் தொடக்கூடாது என்று சிலருக்குச் சட்டம். 1980-இல் கர்ணம், மணியம் என்ற பரம்பரை உத்தியோகங்களை அரசாங்கம் ஒழித்தபோது எங்கள் ஊரில் ஒரு வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருந்தது. மற்ற தெருக்களில் யாரும் அழுததாக எனக்கு நினைவில்லை.

புரவி எடுப்பு அன்றைக்கு மட்டும் ஊர் வேறு முகம் காட்டும். மண் குதிரை செய்கிறவர் வேளார், அதற்குக் கண் திறக்கிறவர் வேளார், எங்கள் அய்யனாருக்குப் பூசாரியும் வேளார். அன்று பரிவட்டம் அவர் தலையில். ஊர் முழுக்க அவர் கையால் திருநீறு வாங்கும். ஊருக்கு வேலை செய்கிறவனுக்கும் சாமிக்கும் தூரம் இல்லை என்று ஊரே ஒப்புக்கொள்கிற நாள் அது. மறுநாள் காலையில் முன்பணம் போக மிச்சப் பாக்கிக்காக அதே வேளார் ஊர்த் தலைவர் வீட்டு வாசலில் நிற்பார். பக்தி ஒரு நாளும் பாக்கி மற்ற நாளும் என்று பிரித்துக்கொண்ட இந்த ஏற்பாட்டில் அய்யனாருக்குச் சம்மதம் இருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

கொடுப்பதைச் சட்டம் எடுத்துக்கொண்டது, நல்லது. அப்படியானால் ஊரில் இருக்கிற மற்றவர்களுக்கு என்ன அறம் மிச்சம்? அதற்கு எனக்குக் கிடைத்த பதில் மணியார்டர் பாரத்தில் இருந்தது. கையெழுத்துப் போடத் தெரியாதவர் பணம் வாங்கினால் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும். ரேகைக்குப் பக்கத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர், இது இன்னாருடைய ரேகைதான் என்று சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் சேர்ந்த காலத்தில் பெரிய தெருவில் பகல் நேரத்தில் அதற்கு ஆள் கிடைக்காது. ஆண்கள் வயலுக்கோ திருமயத்துக்கோ போயிருப்பார்கள். காலனியில் பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்த ஒரு பெண் தபால் வாங்க ஆபீசுக்கு அடிக்கடி வருவாள். வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தாள். சாட்சி போடுகிறாயா அம்மா என்று கேட்டேன். முதலில் தயங்கினாள். திண்ணையில் ஏறுவதா என்பதே அவளுடைய முதல் தயக்கம். ஏறி உட்கார்ந்து எழுதினாள்.

பெரிய தெரு அப்பத்தாக்களின் ரேகைக்குப் பக்கத்தில் மாதா மாதம் அந்தப் பெண்ணின் கையெழுத்து விழுந்தது. இவர் இவர்தான் என்று அவள் சொன்னால்தான் பணம். முணுமுணுப்பு வந்தது, வராமல் இருக்குமா? ஒரு மாமா என்னைக் கூப்பிட்டு, "வேற ஆளே கெடைக்கலியா ஒனக்கு?" என்று கேட்டார். நீங்க வந்து போடுங்க மாமா என்றேன். அவர் வரவில்லை. அப்பத்தாக்களுக்குப் பணம் நாளைக்குத் தள்ளிப்போகக்கூடாது, அவ்வளவுதான். கொஞ்ச மாதத்தில் அந்தப் பெண் வராத நாளில், "நம்ம புள்ளைய எங்க காணோம்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். சீர்திருத்தம் செய்ததாக நான் பெருமை பேசவில்லை. பாரத்தில் ஒரு காலியிடம் இருந்தது, அதை நிரப்ப எழுத்துத் தெரிந்த ஒரு மனுஷி தேவைப்பட்டாள்.

சாட்சி என்பது சின்ன வேலை என்று நினைத்திருந்தேன். திருவிளையாடல் புராணத்தின் அறுபத்து நான்கு படலங்களில் கடைசிப் படலம் எதைப் பற்றியது என்று யோசித்துப் பாருங்கள். அரசர்கள், யானைகள், கடல் வற்றியது எல்லாம் முடிந்து, பரஞ்சோதி முனிவர் ஒரு குடும்பச் சண்டையில் கொண்டுவந்து முடிக்கிறார். மதுரைக்கு வரும் வழியில் திருப்புறம்பயத்தில் பாம்பு கடித்து இறந்த மாப்பிள்ளை, சம்பந்தர் அருளால் எழுந்து, தன்னோடு வந்த பெண்ணை அங்கேயே மணக்கிறான். உறவினர் யாரும் கூட இல்லாத கல்யாணம். ஒரு வன்னி மரம், ஒரு கிணறு, ஒரு லிங்கம், இவைதான் சாட்சி. மதுரையில் அவனுடைய மூத்த மனைவி ஒரு நாள் சண்டையில், உன் கல்யாணத்துக்கு யார் சாட்சி என்று கேட்டுவிடுகிறாள். மரமும் கிணறும் லிங்கமும் என்று சொன்னால் சிரிக்கத்தானே செய்வாள்? அநாதையாக நின்ற அந்தப் பெண் கோயிலில் போய் அழ, மூன்றும் மதுரைக்கே வந்து நின்றன. திருப்புறம்பயத்துச் சாமிக்குச் சாட்சிநாதர் என்று பெயர்.

அந்தப் பெண் பொன் கேட்கவில்லை, பொருள் கேட்கவில்லை. இவள் சொல்வது உண்மை என்று சொல்ல ஒரு ஆள் கேட்டாள். சாமி தன் கடைசி விளையாட்டை அதற்காகத்தான் செய்தது. கொடுப்பதில் ஒருவர் மேலே, ஒருவர் கீழே. சாட்சி சொல்ல இரண்டு பேரும் ஒரே தரையில் நின்றாக வேண்டும். உன்னை எனக்குத் தெரியும் என்று சொல்கிறவன் அந்தத் தெரிதலுக்குப் பொறுப்பும் ஏற்கிறான்.

இப்போது பென்சன் வங்கிக் கணக்குக்குப் போகிறது. கையடக்க மெஷினோடு முகவர் ஊருக்கு வந்து கொடுக்கிறார். இடைத்தரகர் பிடுங்குவது குறைந்தது, அதை நான் முதலில் சொல்லியாக வேண்டும். ஆனால் பாரத்தில் இருந்த அந்தக் காலியிடமும் போய்விட்டது. எங்கள் பக்கம் கண்மாய் வற்றிய காலத்தில் பல பெண்கள் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைத்தவர்கள். சூட்டில் ரேகை தேய்ந்து விரல் வழவழவென்று ஆகிவிட்டது. மெஷின் அவர்களைத் தெரியாது என்கிறது. விரலை முந்தானையில் துடைத்து, தண்ணீரில் கழுவி, மறுபடியும் வைத்து, இந்த விரல் இல்லையென்றால் அந்த விரல். எனக்கு அத்தை முறை ஆகிற ஒருத்தியை முகவர், அடுத்த வாரம் வாங்க பார்ப்போம் என்று திருப்பி அனுப்பியபோது பக்கத்தில் இருந்தேன். அவளை எனக்குத் தெரியும். வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரியும். முகவருக்கே தெரியும், பக்கத்துத் தெருக்காரர்தான். தெரிந்த அத்தனை பேரும் இருந்தும் சாட்சி சொல்ல இடமில்லை. "நாந்தாண்டா நானு" என்று அத்தை மெஷினைப் பார்த்துச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள்.

தெரிந்தும் சொல்லாமல் இருப்பதில் இதைவிட மோசமான வகை ஒன்று உண்டு. எங்கள் மாவட்டத்துக்காரன் அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. தொட்டி கட்டியது அரசாங்கம், குழாய் போட்டது அரசாங்கம். அரசாங்கம் கொடுப்பது என்று நான் இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் அந்தக் குழாயில்தான் வந்துகொண்டிருந்தது. அப்போது அங்கே போன மாவட்ட ஆட்சியர், அதுவரை உள்ளே போக முடியாமல் இருந்த மக்களைத் தானே அய்யனார் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். ஊர்க் கோயிலின் கதவைத் திறக்க ஆட்சியர் வர வேண்டியிருந்தது. அங்கே இருந்ததும் அய்யனார்தான், நாங்கள் குதிரை எடுப்பதும் அய்யனாருக்குத்தான். சட்டத்தால் தண்ணீரைத் தொட்டிவரை ஏற்ற முடியும். அடுத்த தெருக்காரனும் என்னைப் போல ஆள்தான் என்று ஊரில் இருக்கிறவன் சாட்சி சொல்லாத இடத்தில் அந்தத் தண்ணீருக்கும் பாதுகாப்பு இல்லை.

கொடுக்கிறவன் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் ஒரு சாமி கதை உண்டு. 2025 ஆகஸ்டில் தமிழக அரசு, 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கித் தாயுமானவர் என்று பெயர் வைத்தது. திருச்சி மலைக்கோட்டைச் சாமியின் பெயர். காவிரியில் வெள்ளம் வந்து, மகளின் பிரசவத்துக்கு வர முடியாமல் தாய் அக்கரையில் நிற்க, சாமியே தாயின் வேஷத்தில் வந்து பிரசவம் பார்த்த கதை எல்லோருக்கும் தெரிந்தது. பெயர் வைத்தவருக்குக் கதை நன்றாகத் தெரிந்திருக்கிறது. அந்தப் பிரசவ அறையில் சாமி வரம் எதுவும் கொடுக்கவில்லை. வெந்நீர் போட்டது, பிள்ளையைக் கையில் ஏந்தியது. வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வந்ததும் மறைந்துவிட்டது. நன்றி சொல்ல ஆள் தேடியபோது சாமி அங்கே இல்லை.

பெரிய வீட்டு ஐயாவிடம் இதையெல்லாம் அப்புறம் ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாஞ் சரிப்பா, ஆனாலும் வாசலு வெறிச்சோடிக் கெடக்கே" என்றார். அவர் வாசலுக்கு ஆள் வராதது எனக்குச் சந்தோஷம்தான், அதை முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. அவருக்கு ஒரு வேலை மட்டும் சொன்னேன், இதைப் படிக்கிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன். உங்கள் தெருவில் கைரேகை விழாமல் திரும்பி வரும் கிழவியோ கடைவரை நடக்க முடியாத கிழவியோ ஒருத்தியாவது இருப்பாள். கடைக்கு நடந்து போக முடியாதவர்கள் தங்கள் சார்பில் பொருள் வாங்க இன்னொருவரை நியமித்துக்கொள்ள ரேஷனில் அங்கீகாரச் சான்று என்று ஒன்று உண்டு. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை தாலுகாவில் நடக்கும் பொது விநியோகக் குறைதீர் முகாமில் அதற்கு மனுக் கொடுக்கலாம். மனுவை நீங்கள் எழுதுங்கள், அவளோடு நீங்களும் போங்கள், இவரை எனக்குத் தெரியும் என்று அங்கே வாயைத் திறந்து சொல்லுங்கள்.